மலையிலும் அதே களி

நாளை காலை ரிஷிகேசத்துக்கு இறங்குகிறோம். அங்கிருந்து டெல்லி, அப்புறம் பெங்களூரு ரயில், ஓசூர் வழியாகக் காவேரிப்பட்டினம். பன்னிரண்டு நாள் பயணத்தின் கடைசி இரவில் உத்தராகண்ட் மாநிலம் சம்பா என்ற சிற்றூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குழுவில் பதினெட்டுப் பேர், எல்லோரும் உழவர்கள். அதில் ஐந்து பேர் எங்கள் ஊர்க்காரர்கள், நிலமும் அடுத்தடுத்து. பனிமலையையும் கங்கையையும் பற்றி மற்றவர்கள் எழுதுவாங்க. எனக்குக் கேழ்வரகுதான் மனசில் நிற்கிறது.

சரிவில் படிப்படியாக வெட்டிய மானாவாரி வயல்கள். கேழ்வரகை இங்கே 'மண்டுவா' என்கிறார்கள். ஒரு வீட்டில் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம், தட்டில் வந்தது களி! கொதிக்கிற தண்ணியில் மாவைப் போட்டுக் கிளறியது. பெயர் 'பாடி'. தொட்டுக்கொள்ள, கொள்ளை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய குழம்பு. எங்கள் பெரியவர் ஒருவர் உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்து அந்த வீட்டம்மா சிரித்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்தும் களிதானா?" என்று அலுத்துக்கொண்டவர்தான் இரண்டாவது உருண்டை கேட்டார்.

இவர்களுடைய கலப்புப் பயிருக்கு 'பாரநாஜா', அதாவது பன்னிரண்டு தானியம் என்று பெயர். கேழ்வரகு, கீரைத் தானியம், உளுந்து, கொள்ளு, ராஜ்மா, காராமணி எல்லாம் ஒரே வயலில். கொடி ஏறுவதற்குக் கீரைத்தண்டே கொம்பு. பயறு மண்ணுக்குத் தழைச்சத்து தரும். மழை ஏமாற்றினாலும் பன்னிரண்டும் ஒன்றாகப் போகாது. நாம் கேழ்வரகில் சால் விட்டு அவரை, துவரை போடுகிற அதே அறிவுதான். 1980களில் சோயாவைத் தனிப்பயிராகப் போடச் சொல்லி அரசு தூண்டியபோது அதை எதிர்த்து நின்றவர்கள் இந்தப் பகுதி உழவர்கள். சிப்கோ போராட்டத்தில் இருந்த விஜய் ஜர்தாரியும் தோழர்களும் தொடங்கிய 'பீஜ் பச்சாவோ ஆந்தோலன்' என்ற விதை காக்கும் இயக்கம் இங்கேதான், ஜர்தார்காவ்ங் கிராமத்தில் வேர்விட்டது.

விதை பிழைத்தது. ஆனால் மலையில் பல ஊர்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 2011க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளில்லாமல் போனதாக, மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018இல் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் டேராடூனுக்கும் டெல்லிக்கும் போய்விட்டார்கள். நம்ம பிள்ளைகள் ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற மாதிரிதான்.

களி போட்ட அம்மா ஒன்று சொன்னார், வழிகாட்டி தம்பி இந்தியிலிருந்து எடுத்துச் சொன்னார்: "ஊரே விதைச்சப்ப பன்றி, குரங்கு ஆளுக்குக் கொஞ்சம் தின்னும். இப்ப நாலு வீடுதான் விதைக்கிறோம், எல்லாம் எங்க வயலுக்கே வருது." அதனால் அந்த நாலில் இரண்டு பேர் இந்த வருஷம் விதைக்கவில்லையாம்.

எங்கள் பக்கம் நடப்பதும் இதுதானே? சுற்றிலும் மாந்தோப்பு. நடுவில் ஒருத்தர் ஒரு ஏக்கர் கேழ்வரகு போட்டால் ஊரிலுள்ள மயிலும் குருவியும் அங்கேதான். காவல் காக்க ஆள் கிடைக்காமல் அடுத்த வருஷம் அவரும் மாங்கன்று நடுகிறார். இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் விதை, இடுபொருள், விலை என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பக்கத்து வயல்காரர் என்ன விதைக்கிறார் என்பதைப் பேசியதே இல்லை.

அதைத்தான் இன்று வேனில் பேசினோம். வருகிற ஆடியில் நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு ஏக்கர், ஒரே கட்டாக, ஒரே வாரத்தில் கேழ்வரகு விதைப்பது. நடுவே அவரைச் சால், ஓரத்தில் துவரை. காவலுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். மூன்று பேர் சரி என்றோம். மற்ற இரண்டு பேர், "மாம்பழக் கூழ் ஆலை என்ன விலை போடுதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்" என்று நழுவுகிறார்கள்.

ரயிலில் இன்னும் இரண்டு இரவு இருக்கிறது.