மில்லுக்குள் ஒளிந்திருக்கும் 'டாஃப்'!

துடியலூரில் மில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டால், "அதெல்லாம் நமக்கு எங்கீங்க வருது?" என்று சிரிப்பார். அடுத்த நிமிடமே, "நேத்து டாஃபிங் லேட்டாயிருச்சுங்க" என்பார். அவர் சர்வசாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையை, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய பலரே பேச்சில் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

'டாஃப்' என்றால் கழற்றுவது. 'டூ', 'ஆஃப்' இரண்டும் ஒட்டிப் பிறந்த பழைய வினைச்சொல். இதன் ஜோடி 'டான்'. 'டூ', 'ஆன்' சேர்ந்தது. அணிவது என்று பொருள். (பில்லா வகையறா டானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றுவதை, 'ஹீ டாஃப்டு ஹிஸ் ஹேட்' என்று எழுதலாம். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொல்ல 'டேக் ஆஃப்' போதும். அங்கே 'டாஃப்' என்றால் நாடக வசனம் மாதிரி இருக்கும். ஷேக்ஸ்பியரின் ஜூலியட், ரோமியோவிடம் அவன் பெயரையே கழற்றிவிடச் சொல்வது இந்தச் சொல்லால்தான்.

கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிகளில் இது திரும்ப வந்தது. பாதுகாப்பு உடையை அணிவது டானிங், கழற்றுவது டாஃபிங். கழற்றும்போதுதான் வெளிப்பக்கத்துக் கிருமி கையில் ஒட்டும் அபாயம் அதிகம். அதனால் எதை முதலில், எதைக் கடைசியில் கழற்றுவது என்பதற்கே தனிப்பயிற்சி தந்தார்கள்.

ஸ்பின்னிங் மில்லில் கழற்றுவது பாபினை. ரிங் ஃபிரேமில் நூல் சுற்றி நிறைந்த பாபின்களை எடுத்துவிட்டு, காலி பாபின்களை மாட்ட வேண்டும். ஒரு மெஷினில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள். மாட்டி முடிக்கும்வரை மெஷின் ஓடாது, நூலும் வராது. ஆகவே கையில் வேகம் வேண்டும். அந்த வேகத்துக்காகவே இங்கிலாந்து, அமெரிக்க மில்களில் ஒரு காலத்தில் சிறுவர், சிறுமியரை 'டாஃபர்' வேலையில் வைத்தார்கள். 1908 முதல் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில், மெஷின் உயரம்கூட இல்லாத டாஃபர் பையன்களைப் பார்க்கலாம். பார்த்தால் மனசு கனத்துப்போகும்.

இப்போது பாபின்களை மொத்தமாகத் தூக்கிவிடும் 'ஆட்டோ டாஃபர்' வந்துவிட்டது. அப்படிப்பட்ட ரிங் ஃபிரேம்களைத் தயாரிக்கும் எல்.எம்.டபிள்யூ (முன்பு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்), துடியலூர் தாண்டி அதே மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. மெஷின்காரர்களின் பாஷையில், காலி பாபினை மாட்டுவதற்குப் பெயர் என்ன தெரியுமா? டானிங்!