தேர்வுக் காலத்திலும் ஓடலாம்!

"உடற்பயிற்சியின் அவசியம்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் தயங்குவதே இல்லை. 'சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்' என்று தொடங்கிவிடுவார்கள். ஆனால், தேர்வு நெருங்கியதும் கால அட்டவணையில் முதலில் காணாமல்போவது எது? விளையாட்டு நேரம்தான். "பரீட்சை முடியட்டும், அப்புறம் விளையாடலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். இது சரிதானா? பார்ப்போம்.

எவ்வளவு நேரம் தேவை?

5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி இருக்க வேண்டும். குதித்தல், ஓடுதல், கம்பியில் தொங்குதல் எல்லாம் இதில் சேரும். வேகம் போதுமா என்று அறிய எளிய வழி உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது! அப்படியானால் அது மிதமான இயக்கம். 60 நிமிடத்தை ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை, பிரித்துச் செய்யலாம். ஆனாலும், 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ள பள்ளி மாணவர்களில் ஐவரில் நால்வர் இந்த அளவை எட்டவில்லை.

படிப்புக்கு என்ன பயன்?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 9 வயதுள்ள 20 பிள்ளைகள், ஒரு நாள் 20 நிமிடம் நடந்த பிறகும், இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்த பிறகும் சோதிக்கப்பட்டார்கள். நடந்த நாளில் கவனம் கூடியது, வாசிப்புத் தேர்வையும் நன்றாகச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான். இருந்தாலும், கருத்தறிதல் பயிற்சிக்கு உட்காரும் முன் 20 நிமிடம் நடந்தால் நேரம் வீணாகாது என்று எண்ண இடம் உண்டு அல்லவா?

ஏன் தொடர்ந்து செய்ய வேண்டும்?

நாஃபா சோதனைக்கு இரண்டு வாரம் முன்பு மட்டும் ஓடுகிறோம். முடிந்ததும் காலணி அலமாரிக்குப் போய்விடுகிறது. இதயத்தின் வலிமையும் தசையின் வலிமையும் பயன்படுத்தும்வரைதான் நிலைக்கும். விட்டால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். எலும்பு உறுதிபெறுவதும் பெரும்பாலும் பதின்ம வயதில்தான். அந்த வாய்ப்பு பிறகு அதே அளவில் கிடைக்காது.

ஆசிரியர்கள் மறக்கக்கூடாத பாடம்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் டாஃப் திட்டம் வந்தது. பருமனான மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தார்கள், சிலர் இடைவேளையிலும்கூட. பருமனானவர்களின் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால், அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும். கேலிக்குக் கேட்க வேண்டுமா? 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை வந்தது. அவமானப்பட்ட பிள்ளை ஓட்டத்தையே வெறுத்துவிடும். ஆகவே, எடையைப் பற்றிப் பேசாமல் எல்லாரையும் சேர்த்தே நடக்க வைப்போம்.

எங்கே, எப்போது?

"இடம் இல்ல, நேரம் இல்ல" என்பீர்கள். காத்தோங்கை எடுத்துக்கொள்வோம். ஒருகாலத்தில் காத்தோங் பூங்கா ஓரம்வரை கடல் இருந்தது. 1966இல் தொடங்கிய நில மீட்புப் பணி கடலைத் தள்ளிவைத்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நமக்குக் கிடைத்தது. விரைவுச்சாலைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையைக் கடந்தால் போதும். காசு கேட்க மாட்டார்கள்!

தேர்வு எழுதும் மாணவர்களே, இப்படிச் செய்து பாருங்கள்: வீடு திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி 15 நிமிடம் வேகநடை, துணைப்பாடத்துக்கு முன் 15 நிமிடம் கயிறு தாண்டுதல், மாலையில் 30 நிமிடம் பந்து அல்லது மிதிவண்டி. மொத்தம் 60 ஆகிவிட்டது. இதை இன்றே உங்கள் கால அட்டவணையில் எழுதுங்கள். கணிதத்துக்கும் தமிழுக்கும் கட்டம் போட்டதுபோல் இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். மற்ற பாடங்களுக்கு இடம் போதாவிட்டாலும், அதை மட்டும் அழிக்காதீர்கள்.