பாடம் முடிந்தது, பிள்ளைக்கு விளங்கியதா?

ஆண்டிறுதி நெருங்கினால் ஆசிரியர் ஓய்வறையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சிலபஸ் முடிந்ததா?" பெற்றோரும் அதையே கேட்கின்றனர். பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று கேட்பவர்கள் குறைவு.

எனது அனுபவத்தையே சொல்கிறேன். சாதாரண தர விஞ்ஞானத்தில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் பாடம் உண்டு. மதுரங்குளியிலிருந்து புத்தளம் போகும் வழியில்தான் பாலாவி உப்பளங்கள். ஆகவே பாடக்குறிப்பில் முதலில் களப்பயணத்தை எழுதினேன். பிள்ளைகள் பாத்திகளைப் பார்த்தார்கள், படம் வரைந்தார்கள், சந்தோசமாகத் திரும்பினார்கள். மறுவாரம், "ஒரே பாத்தியில் முழு நீரையும் வற்றவிட்டால் என்ன?" என்று கேட்டேன். வகுப்பு மௌனமானது. பிழை பிள்ளைகளுடையதல்ல. அவர்கள் எதை விளங்கி வர வேண்டும் என்பதை நானே தீர்மானித்திருக்கவில்லை.

அடுத்த வருடம் அதே பாடத்தை முடிவிலிருந்து திட்டமிட்டேன்.

முதலில் இலக்கு. "உப்பு உற்பத்தியை அறிவர்" என்பதற்குப் பதிலாக, "கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவது ஏன் என்பதைக் காரணத்தோடு விளக்குவர்" என்று எழுதினேன்.

இரண்டாவது சான்று. ஒரே பாத்தியில் உப்பெடுக்க நினைக்கும் ஒருவருக்குப் பிள்ளை ஐந்து வரியில் ஆலோசனை எழுத வேண்டும். கரைதிறன் குறைந்த கல்சியம் காபனேற்றும் கல்சியம் சல்பேற்றும் முந்திய பாத்திகளிலேயே படிந்துவிடும். கறியுப்பு அதன் பின்னரே படியும். எஞ்சும் நீரிலுள்ள மக்னீசிய உப்புகளை அகற்றாவிட்டால் உப்பு கசக்கும், ஈரத்தை உறிஞ்சும். இக்காரணங்கள் பதிலில் வந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

மூன்றாவதுதான் செயற்பாடு. களப்பயணம் அப்போதும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குழுவும் விடை தேட வேண்டிய ஒரு கேள்வியோடு போனது.

இது எனது கண்டுபிடிப்பல்ல. அமெரிக்கக் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் 1998இல் வெளியிட்ட நூலில் இந்த மூன்று படிகளையும் இதே ஒழுங்கில் விளக்கினர். எமது நாட்டிலும் 2007 முதல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் வழிகாட்டியில் தேர்ச்சியும் கற்றற்பேறும் அச்சிடப்பட்டே வருகின்றன. நாமோ அவற்றைப் பாடக்குறிப்பின் மேலே பார்த்தெழுதிவிட்டுப் பாடநூலின் பக்கங்களுக்குப் போய்விடுகிறோம்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. இலக்கு தெளிவானால் எதை விரிவாகச் செய்வது, எதைச் சுருக்குவது என்பதும் தெளிவாகும். நேரம் மிஞ்சுவது அங்கேதான்.

வசதியுள்ள பிள்ளை டியூஷனில் விளங்கிக்கொள்ளும். கடற்தொழிலுக்கும் கூலிவேலைக்கும் போகும் வாப்பாமாரின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடவேளையை விட்டால் வேறு வழியில்லை. எனவே ஆசிரியர்களே, அடுத்த அலகைத் தொடங்குமுன் அதன் கடைசிக் கேள்வியை முதலில் எழுதிப் பாருங்கள். பெற்றோரே, "இன்று எத்தனையாம் பக்கம்?" என்று கேட்காமல், "இன்று படித்ததை எனக்கு விளங்கப்படுத்து" என்று கேளுங்கள்.