உங்களுக்குத் தெரியுமா? இறாலின் கொழுப்பு எங்கே போகிறது?

கற்பிட்டிக் கரையில் இறாலும் நீலக்கால் நண்டும் கூடை கூடையாக இறங்கினாலும், இலங்கையின் உணவுச் சமநிலைக் கணக்கில் அவை தரும் கொழுப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறையப் பூச்சியம்தான். கணக்கில் பிழையில்லை. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் சேதாரத்தையும் கழித்து, மிச்சத்தை இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பங்கிடுகிறார்கள். புத்தளம் களப்பை அண்டிய பண்ணை இறாலில் நல்ல பங்கு கப்பலேறிவிடும். எஞ்சும் நண்டிலோ, ஓட்டை உடைத்தால் பாதிகூடச் சதை தேறாது. அந்தச் சதையிலும் 100 கிராமுக்குக் கொழுப்பு 1 கிராம் அளவுதான். தேங்காய்ப் பருப்பில் 33 கிராம்!

நண்டுக் கறியில் எண்ணெய் மிதக்கிறதே என்பீர்கள். அது தேங்காய்ப்பாலின் எண்ணெய். தேங்காயின் கணக்கில் ஏற்கெனவே எழுதியாயிற்று. அப்படியானால் இறாலுக்கென்று கொழுப்புக் கணக்கு எதற்கு? இந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஆனால் இறாலின் சொற்பக் கொழுப்பில் ஒமேகா-3 கணிசம். தேங்காய் எண்ணெயில் அது இல்லையென்றே சொல்லலாம். கிராமை மட்டும் எண்ணும் அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. சராசரியோ கற்பிட்டி மீன்வாடிக்கும் நுவரெலியா லயத்துக்கும் ஒரே பங்கு வைக்கிறது. போதாததற்கு, வலையிலிருந்து நேரே வீட்டுச் சட்டிக்குப் போகும் நண்டு எந்தத் தராசிலும் ஏறாமலே போகலாம்.