கேட்டவன் யார்? சொன்னது என்ன?

இரவு வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். கையிலே செல்போன். முகமறியாத நண்பர் ஒருவர் கேட்கிறார், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று. "பாலத்தடி டீக்கடையில். இனிமேல்தான் வீடு போய்ச் சேர வேண்டும். வீட்டிலே எல்லோரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்று பதில் பறக்கிறது.

கேட்டவர் யார்? தெரியாது. பெயர் மெய்யா, பொய்யா? தெரியாது. ஆணா, பெண்ணா? அதுவும் தெரியாது! ஆனால், நாம் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீடு பூட்டிக் கிடப்பதும் தெரிந்துவிட்டது!

தெருவிலே முன்பின் அறியாத ஒருவன் நம்மை மறித்து, "வீடு எங்கே, வேலைக்குப் போவது எத்தனை மணிக்கு, மகள் எந்தப் பள்ளி?" என்று கேட்டால் விட்டுவிடுவோமா? "நீ யாரப்பா, உனக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். தெருவிலே இருக்கும் அந்த விழிப்பு, திரையைக் கண்டதும் உறங்கிப் போவானேன்?

"நான் என்ன மந்திரியா, மில் முதலாளியா? மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பார் தோழர். மறைக்க ஏதும் இல்லாதவரும் வீட்டுக்குக் கதவு வைத்திருக்கிறார். இரவிலே தாழ்ப்பாள் போடுகிறார். குற்றம் செய்தவர் என்பதாலா? அல்ல, வீடு தம்முடையது என்பதால்! 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கிலே, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதும் இதைத்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவிலே அடங்கியது என்று தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உரிமையை அரட்டையிலே நாமே வாரி இறைக்கலாமா?

விவரம் அறிந்தவர்களே வழுக்கி விழுந்த இடம் இது. ஜான் மெக்காஃபி, கணினிக்குள் வைரஸ் புகாமல் காக்கும் மென்பொருளை விற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். 2012இல், பக்கத்து வீட்டுக்காரர் கொலை குறித்து விசாரிக்க பெலீஸ் நாட்டுப் போலீசார் தேடியபோது, அவர் தலைமறைவானார். உடன் சென்ற பத்திரிகையாளர்கள் அவரோடு எடுத்த படத்தை டிசம்பரில் இணையத்திலே வெளியிட்டார்கள். படத்திற்குள்ளே செல்போன் பதித்துவைத்த இடக்குறிப்பு அப்படியே இருந்தது! அவர் குவாதமாலாவில் இருப்பது அம்பலமாயிற்று. சில நாட்களிலே அங்கே பிடிபட்டார்.

இன்னொன்று. ஓட்டப் பயிற்சியைக் கணக்கிடும் 'ஸ்ட்ராவா' என்ற செயலி, உலகெங்கும் மக்கள் ஓடிய தடங்களைச் சேர்த்து 2017 நவம்பரில் ஒரு வரைபடம் வெளியிட்டது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும், 2018 சனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதிலே ஒன்றைக் கண்டு சொன்னார்: ஆப்கானிஸ்தானத்திலும் சிரியாவிலும், இருண்ட வெளியின் நடுவே ஒளிக்கோடுகள்! இராணுவ முகாம்களிலே வீரர்கள் ஓடிய தடங்கள் அவை. துப்பாக்கி ஏந்திக் காவல் நிற்கும் முகாமையே காட்டிக் கொடுத்தது காலிலே ஓடிய ஓட்டம் என்றால், காவலற்ற நம் குடிசை எம்மாத்திரம்?

ஒரே நாளில் எவரும் தம் முகவரியைச் சொல்வதில்லை. திங்களன்று, "எங்கள் பகுதியிலே மின்சாரம் இல்லை" என்கிறோம். புதனன்று சன்னலோரம் எடுத்த படம். பின்னாலே தண்ணீர்த் தொட்டி, கடையின் பெயர்ப்பலகை. வெள்ளியன்று, "இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்" என்கிறோம். தனித்தனியே பார்த்தால் அற்பம். கோத்துப் பார்த்தால் முகவரி! கோப்பதற்கென்றே காத்திருப்பவன், கோபக்காரனாகவும் இருக்கலாம், கொள்ளைக்காரனாகவும் இருக்கலாம்.

அப்படியானால் பேசவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை நாம். பேசுங்கள், சிரியுங்கள், வாதாடுங்கள்! ஊரின் பெயர் போதும். தெருவின் பெயர் வேண்டாம். திருவிழாப் படத்தை, திரும்பி வந்தபின் போடுங்கள். கேமரா அமைப்பிலே இடக்குறிப்பை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பிலே படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் குறிப்போடு போய்ச் சேரும் என்பதை மறவாதீர்கள். நாம் நகர நகரக் காட்டும் 'லைவ் லொகேஷன்' 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவிலே உண்டு. வீட்டாருக்கு மட்டும், வேண்டிய நேரம் மட்டும் கொடுங்கள். அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டால், நமது ஐ.பி. முகவரி மறுமுனைக்குப் போகும். அது கதவு எண்ணைச் சொல்லாது. ஏறத்தாழ எந்த ஊர் என்பதைச் சொல்லிவிடக் கூடும். வாட்ஸ்அப் அழைப்பிலே அந்த முகவரியை மறைக்கும் வசதி 2023 நவம்பர் முதல் இருக்கிறது. 'பிரைவசி' பகுதியிலே தேடிப் பாருங்கள். டார்ச் அடிக்கும் செயலி இருப்பிடம் கேட்டால், "வெளிச்சம் காட்ட விலாசம் எதற்கு?" என்று கேட்டு மறுத்துவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. நம் இருப்பிடம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. தோழர் வீட்டிலே உட்கார்ந்து நாம் போடும் படம், அவர் வீட்டைக் காட்டுகிறது. மகள் படிக்கும் பள்ளியைச் சொல்லும் சொல், மகள் நடந்து வரும் வழியைக் காட்டுகிறது. நாம் கவனம் தவறினால், விலை கொடுப்பவர் வேறொருவராக இருக்கக் கூடும்!

ஆகவே தோழர்களே, இன்றிரவே செல்போனைத் திறந்து, இருப்பிடம் அறியும் அனுமதியை எந்தெந்தச் செயலிக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். வேண்டாததை நீக்குங்கள். வீட்டிலே பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். நாளை எவரேனும் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் ஒரு கேள்வியை உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள்: கேட்பவன் யார்?