கிராம சபையும் அதன் அங்கத்தினர் கடமையும்

ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு மகாசபை என்பது இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. வருஷத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேட்பதும், தணிக்கை அறிக்கையை வாசிக்கச் செய்வதும், லாபத்தை இன்ன விதமாய்ப் பயன்படுத்த வேண்டுமென்று தீர்மானிப்பதும் மகாசபையின் வேலைகள். அங்கே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குத்தான். 1904-ம் வருஷத்திய சட்டத்தின்கீழ் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் விவசாயிகளின் நாணய சங்கம் பதிவானது முதல், நூறு வருஷங்களுக்கு மேலாக நமது கிராமத்தார் இம்முறையில் பழகி வந்திருக்கிறார்கள்.

ஆயினும், சங்கத்தின் கணக்கில் ஓர் ரூபாய் குறைந்தாலும் எழுந்து கேட்கும் அதே அங்கத்தினர், தமது ஊரின் குடிநீர், தெரு விளக்கு, சாலை, சாக்கடை ஆகியவற்றைப் பற்றிய கணக்கு வாசிக்கப்படும் கிராம சபைக்குச் செல்லாதிருப்பதைப் பல ஊர்களிலும் காண்கிறோம். செல்பவரிற் சிலரும் கொடியேற்றத்தைப் பார்த்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு, நீட்டிய புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மகாசபையில் உள்ள உரிமை யாவும் கிராம சபையிலும் தமக்கு உண்டென்பதை அவர்கள் அறியாமையே இதற்குக் காரணம். அதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சபை வேறு, மன்றம் வேறு

ஊராட்சி மன்றம் என்பது நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கியது. அதன் ஆயுள் ஐந்து வருஷம். கிராம சபை அத்தகையதன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். அவர்களை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை, எவரும் நீக்குவதுமில்லை. சங்கத்திற்கு மகாசபையும் நிர்வாகக் குழுவும் எப்படியோ, அப்படியே ஊருக்குக் கிராம சபையும் ஊராட்சி மன்றமும் என்று கொள்ளலாம். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்தபோது கிராம சபை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அதற்கிணங்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ம் வருஷம் ஏற்பட்டது.

இவ்வேற்றுமை வெறும் சட்டப் பேச்சன்று. 2016-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றது. அடுத்த தேர்தல் 27 ஜில்லாக்களில் 2019-ம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியிலும், எஞ்சிய 9 ஜில்லாக்களில் 2021-ம் வருஷம் அக்டோபர் மாதத்திலுமே நடைபெற்றது. இடைக்காலம் முழுவதும் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். அந்த 27 ஜில்லாக்களிலும் 2025-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி மன்றங்களின் காலம் மறுபடியும் முடிவுற்று, தனி அலுவலர்கள் மறுபடியும் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலம் உண்டு. உறுப்பினர் இல்லாத காலமும் உண்டு. ஆனால் சபை இல்லாத காலம் இல்லை. கேள்வி கேட்பதற்கு ஊரில் வேறு இடமே இல்லாதபோது இச்சபை ஒன்றே எஞ்சி நிற்கிறது என்பதை யோசித்தால் அதன் அருமை விளங்கும்.

பண்டைய ஊராட்சியும் பிற்கால ஊராட்சியும்

ஊரார் கூடி ஊர்க் காரியத்தை நடத்துவது நமக்குப் புதிதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குடவோலை மூலம் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரிவாய்க் கூறுகின்றன. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியமும், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியமும் இருந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அப்பதவிக்கு வரலாகாது என்ற விதி முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. கணக்கைக் காட்டாமையை ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே பெருங்குற்றமாக வைத்திருந்தார்கள்.

எனினும் அந்தச் சபை பிராமணர்களின் ஊர்ச் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவருக்கே அங்கே இடம் இருந்தது. பெண்களுக்கும், நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயருள்ள கூலியாளும் நிலக்கிழாரும் அதில் சமமான அங்கத்தினர்.

பிற்காலத்தில் 1882-ம் வருஷம் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தாலும், 1884-ம் வருஷத்திய சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தாலும், 1920-ம் வருஷத்திய சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தாலும் ஸ்தல ஆட்சி படிப்படியாய் வளர்ந்தது. 1993-ம் வருஷத்திய திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஸ்தானங்களையும், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் ஜனத்தொகைக்கு ஏற்ற ஸ்தானங்களையும் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016-ம் வருஷம் பாதியாக உயர்த்தப்பட்டது.

சபை கூடும் நாட்கள்

முன்னர் வருஷத்திற்கு நான்கு நாட்கள் சபை கூடிற்று. 2022-ம் வருஷம் அது ஆறாக உயர்த்தப்பட்டது. ஜனவரி 26 குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே 1 தொழிலாளர் தினம், ஆகஸ்டு 15 சுதந்திர தினம், அக்டோபர் 2 காந்தி ஜயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் ஆகியவையே அந்த ஆறு நாட்கள். இவற்றிற் பெரும்பாலானவை ஊரில் விழா நாட்களாகையால் வயலுக்கும் வேலைக்கும் சென்றிருப்போரும் ஊரில் இருப்பார்கள். விழா நாளில் சபையைக் கூட்டுவதன் சௌகரியம் இதுவே. ஆனால் விழாவே சபையாகிவிடக் கூடாது. கொடியேற்றம் முடிந்த பின்னரே நமது வேலை தொடங்குகிறது.

சபை செல்லுபடியாவதற்குக் குறைந்த அளவு வருகை வேண்டும். ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருத்தல் அவசியம். இந்த எண்ணிக்கையை நிரப்பும் பொருட்டு வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அதற்கு இணங்கலாகாது. வராத சபையில் வந்ததாகக் கையெழுத்திடுவது, வாங்காத கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பதை ஒக்கும்.

கூட்ட அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக ஒரு குறிப்பிட்ட வகுப்பாரைக் கொண்டே பறையறைந்து அறிவிக்கும் தண்டோரா முறை இருந்து வந்தது. அது மனித கௌரவத்துக்குக் குறைவு என்று கருதி, ஒலிபெருக்கி மூலமே அறிவிக்க வேண்டுமென 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மாநில அரசாங்கம் அறிவுறுத்தியது. ஒலிபெருக்கி வராத தெரு எதுவென்று கவனித்தால், சபைக்கு அழைக்கப்படாதவர் யாரென்பது தெரிந்துவிடும்.

சபையின் அதிகாரம்

கிராமத்தின் அபிவிருத்தித் திட்டத்தை அங்கீகரிப்பது, ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிப்பது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடைபெறும் வேலைகளின் முன்னேற்றத்தைக் கேட்டறிவது ஆகியவை சபையின் முக்கியக் காரியங்கள். உதவிக்குரிய பயனாளிகளின் பட்டியல்களும் சபையின்முன் வைக்கப்படுகின்றன. ஓலைக் குடிசையில் இருப்பவர் பெயர் விட்டுப்போய், மாடி வீட்டுக்காரர் பெயர் ஏறியிருந்தால், அதைச் சுட்டிக் காட்டத் தக்க இடம் இது. சபை வெறுமையாக இருக்கும்போது நஷ்டமடைபவர் செல்வாக்குள்ளவர் அல்லர். அவர் தாலூகா ஆபீசுக்கு நேரே செல்ல வல்லவர். வேறு வழியில்லாத ஏழையே நஷ்டமடைகிறார்.

சபை நிறைவேற்றும் தீர்மானம் அன்றே பணமாய் மாறிவிடும் என்று நினைப்பதும் தவறு. பணம் எங்கே இருக்கிறது, எந்த அதிகாரி உத்தரவு தர வேண்டும் என்பவை பிறகு கவனிக்க வேண்டியவை. தீர்மானம் செய்வது யாதெனில், ஒருவரின் முறையீட்டை ஊராரின் கோரிக்கையாக்குகிறது. அதற்குத் தேதியும் சாட்சியும் தருகிறது.

ஓர் உதாரணம்

ஒரு கிராமத்தில் ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் பழுதாகிக் கிழக்குத் தெருவில் தண்ணீர் வராமற் போயிற்றென்று வைத்துக்கொள்வோம். பெண்கள் அரை மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறார்கள். தலைவரைத் தெருவில் மறித்துக் கேட்டால் “ஆகட்டும்” என்பார். ஆபீசுக்குச் சென்றால் “எழுதியிருக்கிறோம்” என்பார்கள். மூன்று மாதம் கழிந்தபின் யார் என்ன சொன்னார் என்பதற்கு அத்தாட்சி ஒன்றும் இராது.

அதே தெருவார் இருபது பேர் சபைக்கு வருகிறார்கள். மோட்டார் எந்தத் தேதியில் பழுதாயிற்று, எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை, சென்ற வருஷம் மோட்டார் பழுதுபார்க்க எவ்வளவு செலவு எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்றை மட்டும் கேட்கிறார்கள். பதில் சபையில் சொல்லப்படுகிறது. “இத்தனை நாட்களுக்குள் மோட்டாரைச் சீர்செய்து, செலவை அடுத்த சபையில் வாசிக்க வேண்டும்” என்று தீர்மானம் எழுதி, உரக்க வாசித்து, கையெழுத்திடப்படுகிறது. அடுத்த சபையின் முதற்கேள்வி எதுவென்பது இப்போதே நிச்சயமாகிவிட்டது. தண்ணீர் வருவதற்கு இது முழு உறுதியன்று. ஆனால் மறந்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

சிற்றூரும் பேரூரும்

பேரூராட்சியில் வசிப்போர் தமக்குக் கிராம சபை இல்லையே என்பர். உண்மையே. நகர்ப்புறங்களுக்கென வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்படுத்தப்பட்டு, 2022-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைகள் கூட்டப்படலாயின. அவ்வருஷம் பிப்ரவரி 19-ந் தேதியே நகர்ப்புற மன்றங்களுக்குத் தேர்தல் நடந்திருந்தது. நமது சங்கங்களில் அருகிலுள்ள பேரூரைச் சேர்ந்த அங்கத்தினரும் இருப்பதால், அவர்களும் தமது பகுதி சபை கூடும் நாளைக் கேட்டறிந்து செல்வது நலம். சந்தையும் பஸ் நிலையமும் ஆஸ்பத்திரியும் பேரூரில் இருப்பதால், அங்கே சீர்கேடு நேர்ந்தால் சுற்றியுள்ள கிராமங்களும் துன்புறும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. வாக்காளர் பட்டியலில் தமது பெயரும் வீட்டிலுள்ள பெண்களின் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சபையில் இடம் அதைப் பொறுத்தது.

2. சபைக்கு முன்பே அண்டை வீட்டாருடன் கலந்து, கேட்க வேண்டிய விஷயத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். பத்து விஷயங்களை இரைந்து கேட்பதைவிட இரண்டைத் தெளிவாய்க் கேட்பது மேல்.

3. மனிதரைக் குறை கூறாமல் கணக்கைக் கேட்க வேண்டும். சங்கத்தின் மகாசபையில் நாம் பழகியது இதுவே.

4. தீர்மானம் புத்தகத்தில் எழுதப்பட்டு வாசிக்கப்படும் வரை எழுந்து வரலாகாது. வெற்றிடத்தின் கீழ் கையெழுத்திடலாகாது. பின்னர் நகல் வேண்டுமாயின் 2005-ம் வருஷத்திய தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெறலாம்.

5. பெண்களும் சேரி மக்களும் பின்வரிசையில் நின்றுகொண்டிராமல், யாவரோடும் சமமாய் அமர்ந்து பேசுமாறு சங்க அங்கத்தினர் பார்த்துக்கொள்ள வேண்டும். பேசப் பழகியவர் பழகாதவருக்குத் துணை நிற்பதே கூட்டுறவு.

சங்கத்தை நாம் காப்பது அதில் நமது பங்குத் தொகை இருப்பதால். ஊரிலும் நமக்குப் பங்கு உண்டு. வீட்டு வரி ரசீது ஒவ்வொன்றும் அதற்கு அத்தாட்சி. மன்றத்தில் அமர்பவர் மாறுவர். சில காலம் அவ்விடம் காலியாகவும் இருக்கும். சபையில் நமது இடத்தை நாமே காலியாக விட்டாலன்றி வேறெவரும் அதைக் காலிசெய்ய முடியாது. ஆதலால் அடுத்த சபை கூடும் நாளைச் சங்க ஆபீசின் பலகையில் இன்றே எழுதி வையுங்கள். அன்று குடும்பத்தோடு சென்று, சென்ற சபையின் தீர்மானத்தை வாசிக்கும்படி முதலில் கேளுங்கள்.