உயிர்த்த ஞாயிறு: பெயருக்குள் இருக்கும் நம்பிக்கை

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு ‘உயிர்த்த ஞாயிறு’ என்ற சொல் நம் வாயில் அடிக்கடி புழங்குகிறது. ஆனால் ‘தாக்குதல்’ என்ற இன்னொரு சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆணைக்குழு, விசாரணை, கைது, சோதனை என்றுதான் அந்தப் பெயர் நமக்கு நினைவூட்டுகிறது. ‘உயிர்த்த’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். “அது அவங்கட பெருநாள்தானே” என்பதோடு பலருக்கும் பதில் முடிந்துவிடும். நம் பெயர் தாங்கியவர்கள் இரத்தம் சிந்திய ஒரு நாளின் பொருளை நாம் இந்த அளவோடு விட்டுவிடுவது முறையல்ல.

கிறிஸ்தவர் சொல்வதை முதலில் அவர்கள் சொல்லும் விதமாகவே பார்ப்போம். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாம் நாளான ஞாயிறு அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்கள் அதை வெறுமையாகக் கண்டார்கள். பின்னர் அவர் சீடர்களுக்குத் தோன்றினார். இதுவே உயிர்ப்பு. நத்தார்தான் அவர்களின் பெரிய பெருநாள் என்று நாம் நினைத்திருக்கிறோம். திருச்சபைக்கோ உயிர்ப்புதான் முதன்மையானது. ஞாயிற்றுக்கிழமை அவர்களின் வழிபாட்டு நாளாக அமைந்ததும் இதனால்தான். நாம் பிறை பார்ப்பதைப் போல அவர்கள் முழுநிலவைக் கணக்கிடுகிறார்கள். மார்ச் 21இலோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. ஆண்டுதோறும் திகதி மாறுவது அதனால்தான்.

ஆன்மா மட்டுமா?

மனிதன் இறந்ததும் ஆன்மா சொர்க்கத்துக்குப் போய்விடும், அதோடு சரி என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான். அவர்களின் பழைய விசுவாச அறிக்கை உடலின் உயிர்ப்பையே பேசுகிறது. இயேசுவுக்கு நடந்தது இறுதி நாளில் எல்லோருக்கும் நடக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அதனால்தான் புனித பவுல் அவரை அறுவடையின் முதற்கனி என்கிறார். முதற்கனி கைக்கு வந்துவிட்டதென்றால், மிச்ச விளைச்சலும் வரத்தானே வேண்டும்.

அந்தக் காலத்திலும் இது இலகுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தல்ல. யூதருள் பரிசேயர் மறு உயிர்ப்பை நம்பினார்கள், சதுசேயர் மறுத்தார்கள். உடலை ஆன்மாவின் சிறையாகப் பார்த்த சிந்தனை கிரேக்கரிடம் இருந்தது. ஏதென்ஸில் பவுல் இறந்தோர் எழுவதைப் பற்றிப் பேசியதும் சிலர் கேலி செய்தார்கள். உக்கிப்போன எலும்புக்கு யார் உயிர் கொடுப்பது என்று மக்காவில் கேட்டவர்களை சூரா யாஸீன் ஓதும் நமக்குத் தெரியும். கேள்வி ஒன்றுதான், ஊர்தான் வேறு.

பவுல் கொரிந்து நகர மக்களுக்குச் சொன்ன பதில் விதை உவமை. மண்ணுக்குள் போவது ஒரு வடிவம், முளைத்து வருவது இன்னொரு வடிவம். அழியும் உடல் விதைக்கப்படுகிறது, அழியாத உடல் எழுகிறது. செத்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பவன் இறந்தோரையும் எழுப்புவான் என்று அல்குர்ஆன் பல இடங்களில் காட்டும் சான்று இதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

மண்ணுக்குள் வைப்பது

இந்த நம்பிக்கை அடக்கமுறையிலும் தெரிகிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் இடுகாட்டுக்கு வைத்த கிரேக்கப் பெயரின் பொருள் ‘துயிலுமிடம்’. நம் நாட்டின் வடபகுதிக் கிறிஸ்தவர்கள் ‘சேமக்காலை’ என்கிறார்கள். சேமம் என்றால் பாதுகாப்பு. நல்ல தமிழ்ச் சொல். நமது மையவாடியைப் போல அதுவும் எழும் நாளைக் காத்திருக்கும் இடம். உடலை எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் தடுத்திருந்தது. 1963இல் அனுமதித்தாலும், அடக்கம் செய்வதையே இன்றும் விரும்புகிறது. கொவிட் காலத்தில் நம் மையித்துகள் எரிக்கப்பட்டபோது, 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைக்கும்வரை நாம் பட்ட வேதனையை விளங்கிக்கொண்டு கிறிஸ்தவர் சிலரும் குரல் கொடுத்தார்கள். அதற்கு மனிதநேயம் ஒரு காரணம். மண்ணுக்குள் வைப்பதன் அர்த்தம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

பிரியும் இடம்

வேறுபாட்டைப் பூசி மெழுகத் தேவையில்லை. கிறிஸ்து எழவில்லையென்றால் தம் போதனையே வீண் என்று பவுலே எழுதினார். அவர்களின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு நிகழ்வில் நிற்கிறது. ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவர்களைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்பது சூரா அந்நிஸா நமக்குச் சொல்வது. ஒருவரின் மரணம் மற்றவரின் பாவத்துக்குப் பரிகாரம் என்பதையும் நாம் ஏற்பதில்லை. முதன்முறை படைத்தவனுக்கு மறுமுறை படைப்பது கஷ்டமில்லை என்பதே மறுமைக்கு நாம் காட்டும் ஆதாரம். இரு பாதைகளும் வேறு வேறுதான். ஆனாலும் எழுப்பப்படுதல், கேள்வி கணக்கு, ஈஸா (அலை) அவர்களின் மீள்வருகை ஆகியவற்றை இரு தரப்பாரும் எதிர்பார்க்கிறார்கள்.

யோவான் நற்செய்தியில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. உயிர்த்தெழுந்தவரின் உடலில் காயங்கள் அப்படியே இருந்தன. நம்ப மறுத்த தோமாவுக்கு அவர் காட்டியது அந்தக் காயங்களைத்தான். ஆக, உயிர்ப்பின் நம்பிக்கை நடந்ததை மறக்கச் சொல்வதில்லை. கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் அன்று இரத்தம் தெறித்தது உயிர்த்த இயேசுவின் சிலை மீது. அந்தக் கறையைக் கழுவாமல் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை இழந்தவர்கள் மறுமையில் சந்திப்போம் என்று நம்பிக்கொண்டே இம்மையில் உண்மையையும் நீதியையும் கேட்கிறார்கள். இது முரண்பாடல்ல. கியாமத் நாளில் எல்லாம் தீர்க்கப்படும் என்று நம்பும் நமக்கும் துன்யாவில் நீதிக்காக நிற்பது கடமைதானே.

அடுத்த முறை ‘உயிர்த்த ஞாயிறு’ என்று சொல்லும்போது, அது ஒரு சம்பவத்தின் பெயராவதற்கு முன்பே மரணம் முடிவல்ல என்று நம்பும் மக்களின் பெருநாளாக இருந்தது, இப்போதும் அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைப்போம்.